ஸ்பெக்ல இல்லாத தமிழ்: ஒரு வெப் டெவலப்மென்ட் கோர்ஸோட அசைன்மென்ட்ட எல்லாம் தமிழ் போட்டு ஓட்டிப் பாத்தது

சிஎஸ்50 வெப் முடிச்சாச்சு. ஹார்வர்ட்ல பிரையன் யூ நடத்துற கோர்ஸ், பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் வச்சு வெப் புரோகிராமிங், நான் பாத்தது 2020 வெர்ஷன். ஒம்போது லெக்சர், அஞ்சு ப்ராஜெக்ட், அதுக்கு மேல கேப்ஸ்டோன்னு நாமளே யோசிச்சுப் பண்ற கடைசி ப்ராஜெக்ட் ஒன்னு. காசு கட்டாமலே முழுசா பண்ணலாம், எடெக்ஸ்ங்கற ஆன்லைன் கோர்ஸ் சைட்டோட வெரிஃபைடு சர்ட்டிபிகேட் வேணும்னாதான் பணம். இத எப்படி முடிக்கிறதுனு ஏகப்பட்ட பேர் எழுதிட்டாங்க, நான் சொல்ல வந்தது வேற. ஒவ்வொரு ப்ராஜெக்டையும் ஸ்பெக்ல (என்னென்ன செய்யணும்னு கோர்ஸ் குடுக்கற பட்டியல்) சொன்னபடி முடிச்சு அனுப்பின கையோட, அதே கோடுக்குள்ள தமிழ்ப் பேரு, ஊர்ப் பேரு, தமிழ்ல தேடல்னு போட்டு ஓட்டிப் பாத்துக்கிட்டே வந்தேன். ஸ்பெக்ல எங்கயும் தமிழ் பத்தி ஒரு வரி கிடையாது, இருக்கணும்னு அவசியமும் இல்ல, கரெக்ஷன் பண்றவங்களுக்கு அது வேலையும் இல்ல. ஆனா எல்லா தேவைக்கும் டிக் அடிச்சு பாஸ் ஆன கோடு, தமிழ் உள்ள போனதும் ஒவ்வொன்னும் ஒவ்வொரு எடத்துல இடிச்சுது. இந்த கோர்ஸ்ல எனக்கு உருப்படியா பதிஞ்சதுல பாதி அந்த இடிச்ச எடத்துல இருந்து வந்ததுதான்.

கோடு எதுவும் இங்க ஒட்ட மாட்டேன். விடைய பொதுவுல போடக்கூடாதுங்கறது கோர்ஸ் விதி, சப்மிட் பண்றதே கிட்ஹப்ல பிரைவேட்டா இருக்கற ஒரு ரெப்போவுக்குதான் (கோடு சேத்து வைக்கிற எடம்) போகுது. அதோட ஓடுறத ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துக்குள்ள யூட்யூப்ல ஏத்தணும், எந்தத் தேவை எத்தனாவது செகண்ட்ல வருதுனு டிஸ்க்ரிப்ஷன்ல குறிக்கணும். இந்த அஞ்சு நிமிஷ வீடியோ பாக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா என்ன காட்டணும்னு பேப்பர்ல எழுதி வச்சுட்டு அந்த வரிசையில க்ளிக் பண்ணிப் பாத்தாலே எது ஓடல, எது அரைகுறைனு நமக்கே தெரிஞ்சுரும், கரெக்ஷன் பண்றவங்க அப்பறம்தான்.

நான் பி.காம் கடைசி வருஷம், உசிலம்பட்டி பக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆள் இல்லங்கறதால சில எடத்துல ரொம்ப அடிமட்டமா சொல்றேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிக்கங்க.

கூகுள் மாதிரி ஒரு பக்கம்

முதல் ப்ராஜெக்ட் பேரு சர்ச். கூகுளோட முகப்பு மாதிரி மூணு பக்கம் பண்ணணும்: சாதா தேடல், படத் தேடல், அட்வான்ஸ்டு தேடல். ஜாவாஸ்கிரிப்ட்டே வேணாம், வெறும் ஃபார்ம்தான், தேட வேண்டியத க்யூ ங்கற பேர்ல அனுப்பினா கூகுள் பாத்துக்கும். அட்வான்ஸ்டுல "இந்த வார்த்தை எல்லாம்", "இதே சொற்றொடர்", "இதுல ஏதாவது ஒன்னு", "இது எதுவும் வேணாம்"னு நாலு பெட்டி, நாலுக்கும் கூகுள் என்ன பேர் வச்சிருக்குனு அட்ரஸ் பார்ல பாத்து நாமளே கண்டுபிடிக்கணும். நெறைய பேர் இத சப்பைனு தாண்டிப் போறாங்க. எனக்கு அப்படித் தெரியல, ஏன்னா ஒரு வெப்சைட் இன்னொரு வெப்சைட்கிட்ட எப்படிப் பேசுதுனு கண்ணால பாக்கற ஒரே அசைன்மென்ட் இதுதான், மத்ததெல்லாம் ஜாங்கோ (பைத்தான்ல வெப்சைட் கட்டற ஃப்ரேம்வொர்க்) உள்ள மறைச்சு வச்சுரும்.

இதுல "தமிழ்"னு அடிச்சுத் தேடினா ஒன்னும் உடையல, ரிசல்ட் வந்துச்சு. ஆனா அட்ரஸ் பார்ல இருந்தத காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டினா சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமா ஒரு பெரிய வால் வருது. உட்காந்து எண்ணினா 45 கேரக்டர். கணக்கு இதுதான்: நம்ம கண்ணுக்கு த, மி, ழ் னு மூணு எழுத்து. யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு எண் குடுக்கற முறை) த, ம, இ-கொம்பு, ழ, புள்ளி னு அஞ்சு. யுடிஎஃப்-8ல (அந்த எண்ண பைட்டா மாத்தி வைக்கிற முறை) இது ஒவ்வொன்னுக்கும் மூணு பைட், ஆக 15. யுஆர்எல்ல ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறி ப்ளஸ் ரெண்டு கேரக்டர், ஆக 45. மூணு, அஞ்சு, பதினஞ்சு, நாப்பத்தஞ்சு, இந்த நாலு எண்ணும் ஒரே வார்த்தையோட நீளம், யார்கிட்ட கேக்கறோங்கறதப் பொறுத்து மாறுது. மத்த நாலு ப்ராஜெக்ட்லயும் வந்த பிரச்சனைல முக்காவாசி இந்த எண்ணுல ரெண்டப் போட்டுக் குழப்பிக்கிறதுதான்.

விக்கி: தேடலும் வரிசையும்

ரெண்டாவது ஒரு குட்டி கலைக்களஞ்சியம். ஒவ்வொரு கட்டுரையும் மார்க்டவுன் ஃபைலா (தலைப்பு, லிஸ்ட்டுக்கெல்லாம் சின்னக் குறி போட்டு எழுதற சாதா டெக்ஸ்ட்) சேவ் ஆகும், தலைப்ப யுஆர்எல்ல போட்டா பக்கம் வரும், புதுசா எழுதலாம், திருத்தலாம், ரேண்டமா ஒன்னத் திறக்கலாம். தேடும்போது சரியான தலைப்பு இருந்தா நேரா அங்க போகணும், இல்லைனா தேடின துண்டு எந்தெந்த தலைப்புக்குள்ள இருக்கோ அதையெல்லாம் லிஸ்ட் போடணும்.

இங்கிலீஷ்ல இது ஒரு வரி வேலை. தமிழ்ல அதே ஒரு வரி "கல"னு தேடினா கலை, கலம், கலப்பை எல்லாம் குடுக்குது, கூடவே "கல்"லும் "கல்வெட்டு"ம் வருது. கல் உள்ள எங்கடா "கல" இருக்கு, ல் வேற ல வேறன்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ள சொல்லும். பைத்தானுக்கு அது க, ல, அதுக்கப்பறம் தனியா ஒரு புள்ளி, அவ்வளவுதான். கலைக்களஞ்சியத் தேடல்ல கொஞ்சம் கூடுதலா வந்தா பரவால்லனு விட்டுறலாம், நான் விட்டுட்டேன்.

விட முடியாதது வரிசை. கட்டுரை லிஸ்ட்ட அகர வரிசைல காட்ட பைத்தானோட சார்ட்டட் ஃபங்ஷன்தான் அந்த ப்ராஜெக்ட்ல ஏற்கனவே எழுதிக் குடுத்திருக்கு. நான் சோதிக்க முத்தையா, முருகன், முனியாண்டினு மூணு பக்கம் போட்டேன். வந்தது முத்தையா, முனியாண்டி, முருகன். அகராதிப்படி ன தான் மெய்யெழுத்துல கடைசி, முனியாண்டி கடைசில வரணும். யூனிகோடு அட்டவணைல பாத்தா ந முடிஞ்ச ஒடனே அடுத்த எடத்துல ன ஒக்காந்திருக்கு, ர பக்கத்துல ற இருக்கு, ழ ள ரெண்டும் வ வுக்கு முன்னாடியே வந்துருது. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே மாதிரி கட்டம் போட்டு எழுத்த வச்சதால வந்தது இது, நம்ம பதினெட்டு மெய்யோட வரிசைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. அதே மாதிரி பவுன்ராஜ் முன்னாடி வரணும், பழனி பின்னாடி வரணும், கம்ப்யூட்டர் மாத்திப் போடுது.

ஜாவாஸ்கிரிப்ட்ல லோக்கல்கம்பேர்னு ஒன்னு இருக்கு, அதுக்கு தமிழோட மொழிக்குறி குடுத்தா அகராதி வரிசைக்கு அடுக்கிரும். ஆனா டேட்டாபேஸ்ல இருந்து அடுக்கியே எடுக்கணும்னா, அதுவும் எஸ்க்யூலைட்ல (ஜாங்கோ தானா எடுத்துக்கற குட்டி டேட்டாபேஸ்), அது வேலைக்காகாது. இத அப்பறம் கேப்ஸ்டோன்ல வேற மாதிரி சமாளிச்சேன், அங்க சொல்றேன்.

காமர்ஸ்: பதிவு பண்ண முடியுது, திருத்த முடியல

மூணாவது ஏலம் விடற சைட். பொருள் போடலாம், ஏலம் கேக்கலாம், கமென்ட் போடலாம், பிடிச்சத வாட்ச்லிஸ்ட்ல வைக்கலாம், போட்டவர் ஏலத்த முடிச்சா அதிகம் கேட்டவருக்கு "நீங்கதான் ஜெயிச்சீங்க"னு காட்டணும். என்னைக் கேட்டா இந்த கோர்ஸோட நடு முதுகெலும்பே இதுதான். மாடல்னா (டேட்டாபேஸ் டேபிள கோடுல எழுதற விதம்) என்ன, ஃபாரின் கீ (ஒரு டேபிள இன்னொன்னோட கட்டறது) எதுக்கு, மெனி டு மெனி (ரெண்டு பக்கமும் பலதா இருக்கற தொடர்பு) எப்பனு லெக்சர்ல கேட்டப்ப தலையாட்டிட்டுப் போனது எல்லாம் இங்கதான் வசூலுக்கு வருது. ஏலத் தொகைய பொருளோட டேபிள்லயே ஒரு காலமா (அதாவது நெடுவரிசையா) வைக்கிறதா, தனி டேபிளானு முடிவெடுக்க நோட்டுல கட்டம் போட்டு கட்டம் போட்டு அழிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. தனி டேபிள்தான் சரி, யார் யார் எவ்வளவு கேட்டாங்கனு வரலாறு வேணும்ல.

இதுல "முத்து"னு ஒரு யூசர் ரிஜிஸ்டர் பண்ணேன். ஆச்சு. லாகின் ஆச்சு, ஏலம் கேட்டுச்சு, எல்லாம் சரி. அட்மின் பக்கத்துல (ஜாங்கோவே தர்ற நிர்வாகப் பக்கம்) போயி அதே முத்துவோட ஈமெயில மட்டும் மாத்தி சேவ் அடிச்சா செவப்புல எரர், யூசர்நேம் சரியில்ல, எழுத்து, எண், அப்பறம் அஞ்சு குறிதான் இருக்கலாம்ங்குது. முத்துல எழுத்தத் தவிர என்ன இருக்கு?

காரணம் ரெண்டு அடுக்கா இருக்கு. ஜாங்கோல யூசர்நேம செக் பண்ற விதி ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எந்தெந்த எழுத்து வரலாம்னு சொல்ற பேட்டர்ன்), அதுல பேக்ஸ்லாஷ் டபிள்யூனு ஒன்னு வரும், "வார்த்தைல வர்ற எழுத்து"ங்கறதுக்கு அதுதான் குறி. பைத்தான்ல அந்தக் குறி த, க, ம மாதிரி எழுத்த ஏத்துக்கும், ஆனா கொம்பு, கால், புள்ளி எதையும் ஏத்துக்காது, ஏன்னா யூனிகோடுல அதெல்லாம் எழுத்து வகை இல்ல, "மார்க்"ங்கற வகை. மு வுல ஒரு மார்க், த் துல ஒரு மார்க், து வுல ஒரு மார்க். அப்ப ரிஜிஸ்டர் மட்டும் எப்படி ஆச்சு? அந்த ப்ராஜெக்ட்ல குடுத்திருக்கற ரிஜிஸ்டர் ஃபங்ஷன் நேரா யூசர உருவாக்குது, விதிய ஓட்டறதில்ல. அட்மின் ஃபார்ம் விதிய ஓட்டுது. முன்வாசல்ல யாரும் கேக்கல, பின்வாசல்ல வாட்ச்மேன் நிக்கிறான். புள்ளி, கொம்பு, கால் எதுவுமே இல்லாத தமிழ்ப் பேரா இருந்தா ரெண்டு பக்கமும் போகும், அப்படி ஒன்ன யோசிச்சுப் பாருங்க, எனக்கு ஒன்னும் வரல.

இதுக்கு விதிய நாமளே எழுதிக்கலாம், யூனிகோடுல தமிழுக்குன்னு 128 எடம் ஒரு பிளாக்கா இருக்கு, அது முழுசையும் ஏத்துக்கச் சொன்னா போதும். ஆனா நான் சொல்ல வர்றது தீர்வ விட இந்த எடத்தோட தன்மைய. ஃபார்ம் ஓட்டற செக்கும், மாடல் ஓட்டற செக்கும், டேட்டாபேஸ் ஓட்டற செக்கும் வேற வேறங்கறது ஜாங்கோ டாக்குமென்டேஷன்ல தெளிவாவே இருக்கு, நானும் படிச்சிருக்கேன், பரீட்சைல கேட்டா எழுதிருப்பேன். முத்து மாட்டினப்பதான் புரிஞ்சுது.

இதோட அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்னு ஸ்லக். தலைப்புல இருந்து யுஆர்எல் துண்டு உருவாக்கற ஸ்லக்கிஃபைனு ஜாங்கோல ஒரு ஃபங்ஷன் இருக்கு. "மொய் விருந்து"னு குடுத்தா காலி, ஒன்னுமே வராது, ஏன்னா இங்கிலீஷ் தவிர எல்லாத்தையும் தூக்கிரும். சரி யூனிகோடு வேணும்னு ஆப்ஷன் குடுத்தா "மய-வரநத"னு வருது. அதே மார்க் பிரச்சனை, கொம்பு கால் எல்லாம் கழண்டு போயிருச்சு. மய வரநத. கொஞ்ச நாள் எங்க ரூம்ல இதுதான் வாழ்த்து.

நேரம் பத்தியும் ஒரு வார்த்தை. புது ஜாங்கோ ப்ராஜெக்ட்ல டைம்ஸோன் யுடிசினு (உலகப் பொது நேரம்) இருக்கும், நம்ம ராத்திரி 2 மணிக்குப் போட்ட கமென்ட் முந்துன நாள் ராத்திரி 8:30னு காட்டும். ஏசியா/கொல்கத்தானு மாத்தினா தீந்துச்சு. லட்சத்துக்கு கமா போடறது இன்னொன்னு, ஜாவாஸ்கிரிப்ட்டோட நம்பர்ஃபார்மேட்டுக்கு இந்தியானு சொன்னா 1,00,000னு நம்ம முறைல போடுது. சின்ன விஷயம், ஆனா 100,000னு இருந்தா எங்கம்மா அத பத்தாயிரமா லட்சமானு கேப்பாங்க.

மெயிலும் நெட்வொர்க்கும்

நாலாவது மெயில். இதுல பின்பக்கம் முழுக்க அவங்களே எழுதிக் குடுத்துருவாங்க, நாம ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் எழுதணும். இந்த முடிவ யார் எடுத்தாங்களோ அவங்களுக்கு ஒரு கும்பிடு, ஏன்னா வேலைக்குப் போனா முக்காவாசி நேரம் அடுத்தவன் எழுதின ஏபிஐய (ஒரு புரோகிராம்கிட்ட இன்னொன்னு எப்படிக் கேக்கணும்ங்கற முறை) படிச்சு அதுக்கேத்தபடி எழுதறதுதான்னு வேலைல இருக்கற சீனியருங்க எல்லாரும் சொல்றாங்க. இதுல எல்லாரும் மாட்டற எடம் ஒன்னு இருக்கு: மெயில அனுப்பச் சொல்லிட்டு, அடுத்த வரிலயே சென்ட் பாக்ஸ திறக்கச் சொன்னா, இப்ப அனுப்பின மெயில் சில நேரம் இருக்கும் சில நேரம் இருக்காது. சர்வர் பதில் சொல்றதுக்கு முன்னாடியே நாம அடுத்த வேலைக்குப் போயிட்டோம். பதில் வந்த பின்னாடி "திற"னு, ஜாவாஸ்கிரிப்ட்டோட தென்ங்கற ஃபங்ஷனுக்குள்ள எழுதணும். "சில நேரம் ஓடுது"ங்கறது தான் வெப்ல மோசமான பக், முழுசா ஓடாம இருந்தா கூட அரை மணில கண்டுபிடிச்சுரலாம்.

தமிழ் இடிச்ச எடம், சப்ஜெக்ட்ட சுருக்கிக் காட்டறது. இன்பாக்ஸ்ல நீளமான தலைப்ப இத்தனை கேரக்டரோட வெட்டி மூணு புள்ளி போடறது எல்லாரும் பண்றது. "பொங்கல்"ங்கறது ஏழு யூனிட், ஆறோட வெட்டினா "பொங்கல"னு நிக்கும், புள்ளி போச்சு. அஞ்சோட வெட்டினா "பொங்க", இது தப்பில்லாத மாதிரி தெரியும். ஒன்னோட வெட்டினா வெறும் "ப". அதாவது எங்க வெட்டு விழுதுங்கறதப் பொறுத்து சில நேரம் சரியாவும் சில நேரம் வேற வார்த்தையாவும் ஆயிரும், ரெண்டு மெயில் வச்சு டெஸ்ட் பண்ணா கண்ணுலயே படாது. ஜாவாஸ்கிரிப்ட்ல இப்ப இன்ட்ல் செக்மென்டர்னு ஒன்னு இருக்கு, அது பொங்கல பொ, ங், க, ல் னு நாலா பிரிச்சுத் தரும், ஃபயர்ஃபாக்ஸ்ல 2024லதான் வந்துச்சு, மத்ததுல முன்னாடியே இருக்கு. ஆனா சுருக்கிக் காட்டறதுக்கு மட்டும்னா ஜாவாஸ்கிரிப்ட்ல வெட்டவே வேணாம், சிஎஸ்எஸ்ல எலிப்சிஸ் குடுத்துட்டா எடம் பத்தாதப்ப ப்ரவுசரே பாத்து சுருக்கிரும்.

அஞ்சாவது நெட்வொர்க், ட்விட்டர் மாதிரி. போஸ்ட், லைக், ஃபாலோ, பக்கத்துக்கு பத்து பதிவு, பக்கத்த ரீலோட் பண்ணாம எடிட். காமர்ஸும் மெயிலும் உருப்படியா பண்ணவங்களுக்கு இதுல புதுசு கம்மி, ஒன்னத் தவிர. எடிட் பட்டன் என் போஸ்ட்டுக்கு மட்டும் தெரியற மாதிரி பண்ணிட்டா வேலை முடிஞ்சதுனு தோணும். பட்டன மறைச்சா பூட்டு போட்டதா ஆகாது, அடுத்தவன் போஸ்ட் நம்பர வச்சு நேரா சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பினா மாத்திரலாம், சர்வர்ல "இது இவன் போஸ்ட்டா"னு கேக்கற ஒரு வரி இருக்கணும். ஸ்பெக்லயே இத சொல்லிருக்காங்க. தமிழ் விஷயம்னு பாத்தா எழுத்து எண்ணிக்கை கவுன்ட்டர்தான். 280 எழுத்துதான்னு வச்சா தமிழ்ல எழுதறவனுக்கு அதுல பாதிக்கு கொஞ்சம் மேலதான் கிடைக்கும், ஒவ்வொரு கொம்புக்கும் புள்ளிக்கும் ஒன்னு போயிருதுல்ல.

கேப்ஸ்டோன்: மொய் நோட்டு

கடைசி ப்ராஜெக்ட்ட நாமளே யோசிக்கணும். மத்த ப்ராஜெக்ட்ல இருந்து வேறா இருக்கணும், சோஷியல் நெட்வொர்க் மாதிரியோ கடை மாதிரியோ இருந்தா ஒத்துக்க மாட்டாங்க, ஜாங்கோ மாடல் ஒன்னாவது இருக்கணும், முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட், ஃபோன்லயும் ஒழுங்கா தெரியணும். ரீட்மீல (ப்ராஜெக்ட்டோட விளக்க ஃபைல்) டிஸ்டிங்டிவ்னஸ் அண்ட் காம்ப்ளெக்ஸிட்டினு ஒரு பகுதி எழுதி, இது ஏன் வேற, ஏன் கஷ்டம்னு வாதாடணும்.

நான் எடுத்தது மொய் நோட்டு. எங்க பக்கம் கல்யாணம், காதுகுத்து, வீடு பால்காய்ச்சறது எதுக்கும் மொய் இருக்கும், யார் எவ்வளவு செஞ்சாங்கனு நோட்டுல எழுதி பீரோல வைப்பாங்க, அவங்க வீட்டு விசேஷத்துக்குப் போறப்ப அத எடுத்துப் பாத்துட்டு அதுக்கு மேல சேத்துச் செய்வாங்க. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்துனு தனியாவே நடக்கும், அங்க இது ஒரு பெரிய பணப் புழக்கம். இப்ப எங்க ஊர் மண்டபத்துலயே லேப்டாப்பும் பிரிண்டரும் வச்சு கம்ப்யூட்டர் மொய் எழுதறாங்க, அதனால ஐடியா ஒன்னும் என்னுது இல்ல. (மொய்யே ஒரு சோஷியல் நெட்வொர்க்தானேடா, ஃபெயில் போட்டுருவாங்கனு ஃப்ரெண்டு ஒருத்தன் பயமுறுத்தினான். ரீட்மீல "இது கணக்குப் புத்தகம்"னு ரெண்டு தடவ அழுத்திச் சொன்னேன்.)

என் தாய்மாமா பல வருஷமா சொந்தக்காரங்க விசேஷத்துல மொய் எழுதறவரு. முதல் வெர்ஷன அவர்கிட்ட காட்டினேன். பேர், அப்பா பேர், ஊர், தொகைனு நாலு பெட்டி, அழகா பூட்ஸ்ட்ராப் (ரெடிமேட் டிசைன்) போட்டு.

"என்ன மாப்ள, பேர மொதல்ல கேக்குது?"

"பேருதான மாமா மெயினு."

"வரிசைல நிக்கிறவன் மொதல்ல ஊரத்தான் சொல்லுவான். கருமாத்தூர், பெரியகருப்பன் மகன், இன்னார், ஐநூத்தி ஒன்னு. நீ பேர எழுதிட்டு ஊருக்கு நிமிரும்போது அவன் பந்திக்குப் போயிருவான்."

பெட்டி வரிசைய மாத்தினேன். ஊர், தகப்பன் பேர், பேர், தொகை. என்டர் தட்டினா அடுத்த பெட்டி, தொகைல என்டர் தட்டினா சேவ் ஆகி மறுபடி ஊருக்கே கர்சர் வரணும், மவுஸத் தொடவே கூடாது, அதுக்குத்தான் ஜாவாஸ்கிரிப்ட்ல பாதி போச்சு. ஜாங்கோவோட யூசர் மாடல்ல ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு பெட்டி இருக்கு, அத வச்சு நம்மாளுங்கள எப்படி எழுதறதுனு இன்னமும் எனக்குத் தெரியல.

அப்பறம் அவரே சொன்னது, நோட்டுல எதையும் அழிக்கக் கூடாது. தப்பா எழுதிட்டா ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு கீழ புதுசா எழுதி பக்கத்துல ஒரு கையெழுத்து. அதனால டிலீட்டே வைக்கல. திருத்தினா பழைய வரி கோடு போட்டபடி அப்படியே நிக்கும், யாரு திருத்தினா, எப்பனு இருக்கும், நெட்வொர்க் ப்ராஜெக்ட்ல வச்ச அதே சர்வர் செக்தான் இங்க காவல்.

இப்ப தேடல். மொய் எழுதறவர் காதுல விழுந்ததத்தான் எழுதுவார். ஒரே ஆள் ஒரு நோட்டுல கருப்பையா, இன்னொன்னுல கறுப்பையா. அது கூட பரவால்ல, கண்ணுக்குத் தெரியுது. சௌந்தரபாண்டிதான் ரொம்பப் படுத்துனது. சில பேர் ஔகாரக் குறி போட்டு சௌந்தரபாண்டினு அடிப்பாங்க, சில பேர் ஒத்தக்கொம்பும் ள எழுத்தும் போட்டு செளந்தரபாண்டினு அடிப்பாங்க, நெறைய ஃபான்ட்ல ரெண்டும் பாக்க ஒன்னுதான். யூனிகோடுல நார்மலைசேஷன்னு ஒன்னு இருக்கு, கொ எழுத்த ஒத்தக்கொம்பு, கால்னு தனித்தனியா அடிச்சிருந்தா அத சேத்து ஒன்னாக்கிரும், ஆனா இந்த ள எழுத்த அது தொடாது, ஏன்னா அது நெசமாவே வேற எழுத்து. அத நேரா மாத்திரலாம்னா தெளிவு, வெள்ளைச்சாமி எல்லாம் நாசமாயிரும்.

அதனால எழுதினத தொடவே இல்ல. எழுதினது எழுதினபடி ஒரு காலம், பக்கத்துல தேடறதுக்குன்னே ஒரு சாவி, இன்னொரு காலம். சாவி செய்யும்போது மட்டும் ற எழுத்த ர ஆக்கறேன், ழ, ள ரெண்டையும் ல ஆக்கறேன், ண எழுத்த ன ஆக்கறேன், ஔகாரத்தையும் ஒத்தக்கொம்பு ள வையும் ஒன்னாக்கறேன். தேடற வார்த்தையும் அதே மிஷினுக்குள்ள போயி வர்றதால வெள்ளைச்சாமி சாவில எப்படிக் கோணினாலும் கவலையில்ல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கோணும். கொஞ்சம் வேண்டாத பேரும் சேந்து வரும், மூணு நாலு பேர் லிஸ்ட்டா வந்தா எழுதறவர் ஊரப் பாத்து தேர்ந்தெடுத்துக்குவார். வரிசைக்கும் இதே வழிதான்: அகராதி வரிசைப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் குடுத்து மூணாவதா ஒரு காலம், டேட்டாபேஸ அதுல அடுக்கச் சொன்னா முனியாண்டி கடைசிக்குப் போயிட்டார்.

இத மாமாகிட்ட ஓட்டிக் காட்டினப்ப அவர் தேடலப் பத்தி ஒன்னும் சொல்லல, அது வேலை செய்யத்தானே செய்யும்ங்கற மாதிரி பாத்தார். ஊர் வாரியா மொத்தம் போட்ட பக்கத்தத்தான் ரொம்ப நேரம் ஸ்க்ரோல் பண்ணிப் பாத்தார்.

கேப்ஸ்டோன் வீடியோல பாதி இங்கிலீஷ் பேர் போட்டுத்தான் எடுத்தேன், கரெக்ஷன் பண்றவங்களுக்குப் புரியணும்ல. சௌந்தரபாண்டிக்குனு பன்னெண்டு செகண்ட் ஒதுக்கி, ரெண்டு ஸ்பெல்லிங்கும் ஒரே ஆளக் காட்டுதுனு மட்டும் காட்டினேன். பாஸ்.

இப்ப முடிக்காம நிக்கிறது ரசீதுதான். மொய் எழுதின ஒடனே ஒரு சின்னச் சீட்டு குடுக்கணும்னு எதிர்பாக்கறாங்க, கடைல பில் அடிக்கிற அந்த சின்ன தெர்மல் பிரிண்டர். அந்த வெல கம்மி மாடல்ல தமிழ் எழுத்தே கிடையாது, டெக்ஸ்ட்டா அனுப்பினா கேள்விக்குறியா வருது, அதனால ரசீதையே படமா வரைஞ்சு அனுப்பணும். படமா அனுப்பினா ஒரு சீட்டு வர கொஞ்சம் கூட நேரம் எடுக்குது, மண்டபத்துல வரிசை நிக்கிறப்ப அது ஆகாது. ஊர்ப் பேரையும் மேல இருக்கற விசேஷ வீட்டுக்காரர் பேரையும் முன்கூட்டியே படமாக்கி பிரிண்டர் மெமரில வச்சுட்டு, ஆள் பேர மட்டும் புதுசா வரையலாம்னு ஒரு யோசனை இருக்கு. யாராவது இத பண்ணிருந்தா எந்த மாடல் பிரிண்டர்ல ஓடுச்சுனு சொல்லுங்க, ஆவணில ஒரு காதுகுத்து இருக்கு, மாமா லேப்டாப் எடுத்துட்டு வானு சொல்லிருக்கார்.